பள்ளி மானியம் வந்தால் என்ன செய்வது? மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

"சார், ஸ்கூலுக்கு இருபத்தஞ்சாயிரம் வந்திருக்குன்னு பிஆர்சியில சொல்றாங்க. பாஸ்புக்கப் பார்த்தா சைபரா இருக்கு. எங்க சார் போச்சு?"

குழுத் தலைவியாக வந்த ஒரு தாய், பாஸ்புக்கை என் மேசைமேல் விரித்து வைத்துக் கேட்ட கேள்வி இது. பிஆர்சி என்பது வட்டார வள மையம். குடவாசல் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்த கடைசி சில வருஷங்களில் இதையே நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். கேட்டதில் தப்பே இல்லை. கேட்காமல் வெளியே போய் "எச்எம் அமுக்கிட்டாரு" என்று டீக்கடையில் சொன்னவர்களும் உண்டு. ஓய்வு பெற்றபின் பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் புதுக் குழு அமையும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு விளக்கச் சொல்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாகத் தேர்வான பெற்றோருக்கும், முதன்முறையாகத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்காரும் இளையவர்களுக்கும் இது.

முதலில், அந்தச் சைபர்

முன்பெல்லாம் மானியம் பள்ளியின் வங்கிக் கணக்குக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். செலவழிக்காவிட்டாலும் அங்கேயே கிடக்கும். 2021 ஜூலையிலிருந்து ஒன்றிய அரசு பங்கு போடும் திட்டங்களுக்கு முறை மாறியது. ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலத்துக்கு ஒரே ஒரு மூலக் கணக்கு. பள்ளிகளுக்கெல்லாம் அதன் கீழே இருப்பில்லாக் கணக்குகள். உங்கள் பள்ளிக்கு இவ்வளவு வரை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரம்பு மட்டும் கொடுப்பார்கள். பேச்சில் 'லிமிட்' என்போம். நீங்கள் கடைக்காரருக்குப் பணம் அனுப்பும் அந்த நிமிஷத்தில் மூலக் கணக்கிலிருந்து பணம் வந்து, அப்படியே கடைக்காரருக்குப் போய்விடும். பாஸ்புக்கில் வரவும் பற்றும் ஒரே நாளில் விழும், இருப்பு சைபராகவே நிற்கும்.

ஆகவே பாஸ்புக்கைப் பார்த்துப் பயன் இல்லை. லிமிட் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் எவ்வளவு மிச்சம் என்பதை பிஎஃப்எம்எஸ் என்னும் ஒன்றிய அரசின் நிதி மேலாண்மைத் தளத்தில்தான் பார்க்க முடியும். தலைமையாசிரியரை அந்தத் திரையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை. நான் கூட்டத்துக்குக் கூட்டம் அதை அச்செடுத்து மினிட் புத்தகத்தில் ஒட்டிவைக்க ஆரம்பித்தபிறகு டீக்கடைப் பேச்சு பாதியாகக் குறைந்தது.

எந்தப் பணம், எந்த வாசல்

'மானியம்' என்று பொதுவாகச் சொன்னாலும் பள்ளிக்குள் வரும் பணத்துக்குப் பல வாசல். எந்தத் தேவைக்கு எந்த வாசலைத் தட்டுவது என்று தெரியாமல் ஆறு மாதம் அலைந்த குழுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

குழுவின் கைக்கு நேராக வருவது பள்ளி மானியம். காம்போசிட் கிராண்ட் என்பார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வருகிறது. 2018இல் பழைய அனைவருக்கும் கல்வி இயக்கத்தையும் இடைநிலைக் கல்வித் திட்டத்தையும் ஒன்றாக்கி வந்தது இது; ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்பது பங்கு. மாணவர் எண்ணிக்கைதான் அளவுகோல். 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. ஆயிரத்துக்கு மேல் போனால் ஒரு லட்சம். டெல்டாவின் உள்கிராமத் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் அந்த 25,000 ரூபாய்ப் படியில்தான் நிற்கும். இந்தத் தொகையில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு என்று விதி: சோப்பு, பினாயில், கழிவறைக் குழாய், வாளி.

இதைத் தவிர நூலகத்துக்குத் தொடக்கப் பள்ளி என்றால் 5,000 ரூபாய் வரை, விளையாட்டுப் பொருளுக்கு அதே 5,000. நடுநிலை, உயர்நிலை என்று ஏற ஏற இது கூடும். நூலகம், விளையாட்டுப் பணத்தில் பல நேரம் புத்தகமும் பந்துமே மேலிருந்து வாங்கி வந்துவிடும். வந்த பெட்டியைத் திறந்து எண்ணி இருப்பில் ஏற்றுவதுதான் குழுவின் வேலை. ஒரு வருஷம் எங்களுக்கு வந்த பெட்டியில் கைப்பந்து வலை மட்டும் இரண்டு இருந்தது, பந்து இல்லை. பெட்டி வந்த அன்றே கடிதம் போட்டதால் மாற்றிக் கொடுத்தார்கள்.

கட்டடம் வேறு வாசல். இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் கட்டடம் ஒன்றியத்துடையது. கூரை இடிகிறது, சுற்றுச்சுவர் இல்லை, புது வகுப்பறை வேண்டும் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம், அதாவது பிடிஓ ஆபீசில், மனு கொடுக்க வேண்டும். குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுப்பணித் துறை. நகராட்சிப் பள்ளி என்றால் நகராட்சி ஆணையர். 25,000 ரூபாயில் வகுப்பறை கட்ட முடியாது, கட்டவும் கூடாது. ஏற்கெனவே இருக்கிற கட்டடத்தில் சின்னச் சின்னப் பழுது பார்ப்பதற்குத்தான் அது.

சத்துணவுக் கணக்கு தனி, காலை உணவுக் கணக்கு தனி. 2023 ஆகஸ்டில் நம்ம திருக்குவளையில் வைத்துத்தான் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். அதற்கு மறுவாரமே ஒரு பெற்றோர், "மானியத்துல ரவை வாங்குனா என்ன சார்?" என்றார். வாங்கக் கூடாது. ஆசிரியர் சம்பளம், விழாச் செலவு, சால்வை, மாலை எதற்கும் இந்தப் பணத்தைத் தொடக் கூடாது.

உங்கள் அதிகாரம் எங்கிருந்து வருகிறது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது குழுவின் கடமை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. 22ஆம் பிரிவு, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைக் குழுதான் தயாரிக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் தலைவர் ஒரு தாயாக இருப்பார். 2024இல் மறுகட்டமைப்பு நடந்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. பதவி இரண்டு வருஷம். வங்கிக் கணக்கில் தலைவியும் தலைமையாசிரியரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பைசா நகரும்.

கையெழுத்துப் போடுகிறவர் எதற்குப் போடுகிறோம் என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. "அவசரத்துக்கு ஒண்ணு போட்டு வைங்கம்மா" என்று யார் சொன்னாலும், அது நானாகவே இருந்தாலும், முடியாது என்று சொல்லுங்கள்.

மழை போடும் பட்டியல்

நம் பக்கத்துக்கென்றே ஒரு விஷயம் சொல்கிறேன். மானியம் எப்போது வரும் என்று தேதி போட்டுச் சொல்ல முடியாது. பல வருஷம் இரண்டு தவணையாகத்தான் வந்திருக்கிறது. முதல் பாதி மழைக்காலத்தில், மீதி ஆண்டுக் கடைசியில். சில வருஷம் மொத்தமும் கடைசியில். ஆனால் மழை எப்போது வரும் என்று நமக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் பள்ளிக்கூடத்துக்கு என்ன தேவை என்பதை மழையே காட்டிக்கொடுத்துவிடும்.

எப்படி என்றால், மழை பெய்துகொண்டிருக்கும்போதே குழுவில் இரண்டு பேர் பள்ளியைச் சுற்றி வர வேண்டும். வகுப்பறைக்குள் சொட்டுகிற இடத்துக்கு நேர்மேலே கூரையில் கரித்துண்டால் ஒரு வட்டம். மாடி ஏற முடிந்தால், தண்ணீர் தேங்குகிற மூலையில் செங்கல்லால் ஒரு கோடு. சுவரில் ஓதம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பென்சிலால் ஒரு கோடு. மைதானத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் வடிய மறுக்கிறது, வடிகால் வாயில் என்ன அடைத்திருக்கிறது. கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள், தேதி தெரிகிற மாதிரி.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மாசி மாதம் வெயிலில் கொத்தனாரை மாடிக்கு ஏற்றி "எங்கேயோ ஒழுகுது, பாருங்க" என்றால் அவர் என்ன செய்வார்? கண்ணுக்குத் தெரிந்த வெடிப்பிலெல்லாம் சிமென்ட் பாலை ஊற்றிவிட்டு இறங்கிவிடுவார். அடுத்த ஐப்பசியில் பழைய இடத்திலேயே சொட்டும். கரி வட்டம் போட்ட வருஷத்தில், கொத்தனார் நேராக அந்த மூலைக்குப் போய், மாடித் தளத்தில் பெயர்ந்து கிடந்த இரண்டு தட்டை ஓடுகளை எடுத்துவிட்டு, கீழே இருந்த விரிசலைச் சுரண்டி அடைத்தார். அரை நாள் வேலை. அதற்குப் பிறகு அங்கே ஒழுகவில்லை.

நம் மண் களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பும். கட்டடத்தைச் சுற்றிப் போட்ட சிமென்ட் தளம் சுவரைவிட்டு விரல் நுழைகிற அளவு பிரிந்து நிற்பதை எந்த டெல்டாப் பள்ளியிலும் பார்க்கலாம். அந்த இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் அடித்தளத்துக்கு இறங்குகிறது. பெரிய செலவில்லாமல் மானியத்திலேயே அடைக்கக் கூடிய பழுது இது. பட்டியலில் மேலே வைக்கலாம்.

அதே நேரம், வெடிப்பு சுவரின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தெரிகிறது, கம்பி துருப்பிடித்துக் கூரைப் பூச்சு விழுகிறது என்றால், அது நம் வேலையில்லை. பூசி மறைக்காதீர்கள். அந்த அறையைப் பூட்டுங்கள், பிடிஓவுக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் அன்றே எழுதுங்கள், தீர்மானமும் போடுங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள்.

கீற்றுக் கொட்டகை பற்றியும் சொல்ல வேண்டும். "சாப்பாட்டு இடத்துக்கு நிழல் இல்ல சார், நாலு மூங்கில், நூறு கீத்து, ரெண்டாயிரத்துல முடிஞ்சிடும்" என்று யாராவது ஒருவர் எல்லாக் குழுவிலும் சொல்வார். தென்னை நிறைந்த ஊர், மலிவு, குளுமை, சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் போன ஊருக்கு இருபது முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறோம். கூடாது. நிழல் வேண்டுமென்றால் தகடு, அதற்கான வேறு நிதி. மானியத்தில் முடிந்தது தீயணைப்பானை மறுநிரப்புச் செய்வது. அதை வருஷா வருஷம் செய்யுங்கள், உருளையில் ஒட்டியிருக்கும் தேதியைப் படித்துப் பாருங்கள்.

தலை எண்ணிக்கை

எண்ணிக்கைதான் தொகையைத் தீர்மானிக்கிறது என்றேன். அந்த எண்ணிக்கை மாநிலக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸ் பதிவிலிருந்தும், செப்டம்பர் 30ஆம் தேதியை அடிப்படையாக வைத்து நாடு முழுக்கப் பள்ளிகளில் எடுக்கும் யூடைஸ் கணக்கிலிருந்தும் வருகிறது. 30 பிள்ளைக்கும் 31 பிள்ளைக்கும் நடுவில் ஒரு படி, 100க்கும் 101க்கும் நடுவில் ஒரு படி. சேர்ந்த பிள்ளை, முந்தைய பள்ளி விடுவிக்காததால் எமிஸில் ஏறாமல் நிற்பது அடிக்கடி நடக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்த் திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள். முந்தைய பள்ளிக்கு ஒரு போன் போட்டு, பெயரைப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பச் சொன்னால் நாம் எடுத்துக்கொள்ளலாம். செப்டம்பர் முதல் வாரத்திலேயே இதை முடித்துவிடுங்கள்.

இல்லாத பிள்ளையை ஏற்றி எண்ணிக்கை காட்டும் யோசனையும் வரும். வேண்டாம். சீருடையும் புத்தகமும் அந்தப் பெயருக்கு வரும், முட்டையும் வரும். ஒவ்வொன்றுக்கும் பொய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

கூட்டமும் தீர்மானமும்

குழு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கூட வேண்டும், பள்ளி முடிகிற நேரத்தை ஒட்டி. இதில்தான் டெல்டாவில் முதல் சிக்கல். எங்கள் தலைவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மூணு மணிக்கு வான்னா எப்புடி சார்? நடவுக்கு எறங்குனா ஒரு கை மட்டும் முன்னாடி கரையேற முடியுமா? கொத்துல பாதி புடிச்சுக்குவாங்க." கொத்து என்றால் கூலி. நியாயம்தானே. சம்பா நடவு, களையெடுப்பு நாட்களில் நாங்கள் நாலரைக்கு மாற்றிக்கொண்டோம். நூறு நாள் வேலை நடக்கும் வாரங்களில் வேலை நடக்கும் குளக்கரைக்கே ஆசிரியர் போய், இந்த வாரம் என்ன பேசப்போகிறோம் என்று முதல் நாள் சொல்லிவிட்டு வருவார். வராதவர்களை நோட்டீஸில் குறைசொல்வதைவிட இது பலன் தந்தது.

தீர்மானம் எழுதுவது ஒரு கலை. பல மினிட் புத்தகங்களில் இப்படி இருக்கும்:

"பள்ளியின் பராமரிப்புப் பணிகளுக்கு மானியத் தொகையைச் செலவிடத் தீர்மானிக்கப்பட்டது."

இதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் வாங்கலாம். தணிக்கைக்கு வருகிறவர் முதலில் இதைத்தான் சுழிப்பார். நாங்கள் எழுதியது இப்படி:

"தீர்மானம் 3: கிழக்கு வகுப்பறை மொட்டைமாடியின் தென்கிழக்கு மூலையில் சுமார் 12 அடி நீளத்துக்கு விரிசல் உள்ளது. மழையின்போது 3ஆம் வகுப்பு மாணவர்கள் அமரும் இடத்தில் ஒழுகுகிறது. இதைச் சரிசெய்ய மூன்று விலைப்புள்ளிகள் பெறப்பட்டுக் கூட்டத்தில் படித்துக் காட்டப்பட்டன. அவற்றில் குறைந்ததான ரூ. 4,600ஐ ஏற்று, பள்ளி மானியத்திலிருந்து செலவிட ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

இடம், அளவு, காரணம், தொகை, எந்தத் தலைப்பிலிருந்து. ஐந்தும் இருந்தால் போதும். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். கைநாட்டு வைப்பவர் இருந்தால் கட்டாயம் படிக்க வேண்டும். கடைசிக் கையெழுத்துக்குக் கீழே குறுக்குக் கோடு இழுத்துவிடுங்கள், பிற்பாடு யாரும் ஒரு வரி சேர்க்க முடியாது.

இதே தீர்மானங்களைப் பெற்றோர் செயலியிலும் ஏற்ற வேண்டும். நெட்வொர்க் கிடைக்காவிட்டால் அன்றிரவே ஊர் மெயின் ரோட்டுக்கு வந்தாவது ஏற்றிவிடுங்கள். 'அப்புறம்' என்று விட்டால் அது மறந்தே போகும்.

பன்னிரண்டாயிரத்து ஐந்நூறை எப்படிப் பிரித்தோம்

ஒரு வருஷம் முதல் தவணையாகப் பாதி, 12,500 ரூபாய் வந்தது. பள்ளியில் 62 பிள்ளைகள். அன்று நாங்கள் போட்ட கணக்கு இது. தூய்மைக்கு 2,800: 10 சதவீதம் குறைந்த அளவுதான், அதற்கு மேல் கூடாது என்றில்லை, பெண் பிள்ளைகள் கழிவறையில் தாழ்ப்பாள் உடைந்திருந்தது, அதையும் சேர்த்தோம். மாடி விரிசலுக்கு 4,600. இரண்டு மின்விசிறியும் ஒரு சுவிட்ச் பலகையும் பழுதுபார்க்க 1,350. கரும்பலகைக்குப் பெயின்ட் 900. சாக்பீஸ், சார்ட், பேப்பர் 1,400. இணையக் கட்டணப் பாக்கி 1,450. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

கூட்டத்தில் சண்டை தாழ்ப்பாளுக்கு வரவில்லை, வெளிச்சுவர்ப் பெயின்டுக்குத்தான் வந்தது. "ரோட்டுலேருந்து பார்த்தா பள்ளிக்கூடம் பளிச்சுனு தெரிய வேணாமா?" என்றார் ஓர் உறுப்பினர். முந்தின வருஷம் நானும் அப்படித்தான் நினைத்து, பணம் வந்த ஜோரில் ஐப்பசி முதல் வாரத்திலேயே வெளிச்சுவருக்கு வண்ணம் அடித்தேன். ஓதம் ஏறிய சுவர். கார்த்திகை முடிவதற்குள் அப்பளம் மாதிரி கொப்பளித்து உதிர்ந்தது. 6,000 ரூபாய் போயே போச்சு. அதைச் சொன்னதும் அவர் பேசாமல் இருந்துவிட்டார். வெளிச்சுவருக்கு அடிக்கத்தான் வேண்டும் என்றால் பங்குனிக்கு மேல், சுவர் நன்றாகக் காய்ந்தபின்.

கொட்டேஷன், பில், பணம் அனுப்புதல்

மூன்று கடைகளில் விலை கேளுங்கள். மூன்று தாளும் மூன்று வேறு கையெழுத்தில் இருக்கட்டும். ஒரே கடைக்காரர் மூன்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுப்பது ஊரறிந்த ரகசியம். ஆனால் தணிக்கைக்காரரும் ஊரில் இருப்பவர்தான். விலை கேட்கத் தலைமையாசிரியர் ஒருவரே போகாமல், குழுவில் ஒருவரை உடன் அழைத்துப் போவது நல்லது. எங்கள் குழுவில் சுயஉதவிக் குழு நடத்திய ஓர் அம்மா வந்தார். பினாயில் கேனுக்கு அவர் பேரம் பேசிய விதத்தைப் பார்த்துக் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பில் பள்ளியின் பெயருக்கு இருக்க வேண்டும். 'தலைமையாசிரியர்' என்று மட்டும் இருந்தால் போதாது. பள்ளியின் முழுப் பெயர், ஊர், தேதி, பில் எண். கடைக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த எண்ணும்.

பணம் அனுப்புவதில் இரண்டு கட்டம். தளத்தில் ஒருவர் விவரம் ஏற்றுவார், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தருவார். அதற்குப் பிறகு பணம் வழங்கல் தாள் ஒன்று அச்சாகும். பிபிஏ என்பார்கள். அதில் தலைவியும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டு வங்கியில் கொடுக்க வேண்டும். அந்தத் தாளுக்குக் கெடு உண்டு. அலமாரியில் வைத்துவிட்டு மறந்தால் செல்லாமல் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதில் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: வாங்குபவரின் வங்கி விவரம். கடைக்காரரிடம் சிக்கல் வராது. கொத்தனார், எலக்ட்ரீசியன், குழாய் வேலைக்காரர் இவர்களிடம்தான் வரும். கணக்கு மனைவி பேரில் இருக்கும், வங்கி மாறியதில் கிளைக் குறியீடு பழசாக இருக்கும், பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால் ஆதாரில் பின்னால் இருக்கும். வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே பாஸ்புக் முதல் பக்க நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து கூலிக்காக ஒரு மாதம் காத்திருந்த கொத்தனார் அடுத்த முறை பள்ளிப் பக்கமே வரமாட்டார். தினக்கூலிக்காரருக்கு 'நெட்டுல வரும்' என்பது சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

பொருள் வந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பில்லின் பின்புறம் "இருப்புப் பதிவேடு பக்கம் இன்னது, வரிசை எண் இன்னதில் வரவு வைக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மின்விசிறி, நாற்காலி, பீரோ போன்ற நிற்கும் பொருளின்மேல் ஆண்டையும் எண்ணையும் பெயின்டால் எழுதுங்கள். கல்யாண வீட்டுக்கு இரவல் போன பள்ளி நாற்காலி திரும்பி வர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மார்ச் 31

இருப்பில்லாக் கணக்கின் மறுபக்கம் இதுதான்: நிதியாண்டு முடிந்தால் செலவழிக்காத லிமிட் மேலே திரும்பிவிடும். கெஞ்சினாலும் வராது.

ஒரு வருஷம் இரண்டாம் தவணை மார்ச் கடைசி வாரத்தில் விடுவித்தார்கள். கடைக்காரர் என்னை நம்பிப் பொருளைக் கடனாகவே கொடுத்துவிட்டார். 30ஆம் தேதி பிபிஏ எடுத்தாயிற்று. தலைவி மகள் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தார். அவர் இரவு பஸ் பிடித்து 31ஆம் தேதி காலை வந்து கையெழுத்தும் போட்டார். வங்கியில் அன்று கூட்டம், சர்வர் வேறு படுத்துவிட்டது. மாலை ஐந்துக்கு "நாளைக்குப் பார்க்கலாம் சார்" என்றார்கள். அந்த நாளை வரவேயில்லை. 3,800 ரூபாயை என் கையிலிருந்து கொடுத்தேன். அந்தத் தலைவி இன்னும் என்னைப் பார்த்தால் அதைத்தான் முதலில் சொல்வார்.

அதிலிருந்து நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பணம் வந்தாலும் வராவிட்டாலும் தை மாதக் கூட்டத்திலேயே தேவைப் பட்டியல், மூன்று கொட்டேஷன், கொத்தனார் பாஸ்புக் நகல், தொகை இடம் மட்டும் காலியாக விட்ட தீர்மான வரைவு எல்லாம் ஒரு கோப்பில் தயாராக இருக்கும். லிமிட் விழுந்த அன்று கூட்டம் கூட்டி, தொகையை நிரப்பி, மறுநாள் வேலை ஆரம்பித்துவிடலாம். கடன் வாங்குவதை நிறுத்திவிட்டோம்.

பணம் செலவானபின் பயன்பாட்டுச் சான்றிதழ், யூசி, வட்டார வள மையத்துக்குப் போக வேண்டும். ஒரு நகலைப் பள்ளியில் வையுங்கள், ஒப்புகை வாங்கிக்கொண்டு. "நீங்க யூசி குடுக்கல" என்று இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் வருவது சகஜம்.

பணமே வராவிட்டால்

வராத வருஷமும் உண்டு. 2024-25க்கான ஒன்றிய அரசின் பங்கு, பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு ஒப்பந்தம் போடாததை ஒட்டிய பிணக்கில் நின்றுபோனது. ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய். மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. யார் பக்கம் நியாயம் என்பது பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு, இங்கே அது வேண்டாம். கீழே இருக்கும் பள்ளிக்கு அதன் அர்த்தம், சாக்பீஸ் டப்பாவை எண்ணி எடுப்பது.

அப்படிப்பட்ட வருஷத்தில் வேறு வாசல்களைத் தட்ட வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 மூன்றும் நமக்கு வசதியான தேதிகள், மழைக்கு முன்னும் மழையின் நடுவிலும். குழுத் தீர்மானத்தின் நகலை அங்கே கொடுத்து, ஊராட்சித் தீர்மானமாகவும் ஏற்றச் சொல்லுங்கள். மைதானத்துக்கு மண் அடிப்பது, வடிகால் தூர்வாருவது, குடிநீர்க் குழாய் போன்றவை ஊராட்சியாலேயே முடியும். பெரிய கட்டட வேலைக்குச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது, தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி. மனுவோடு மழைக்காலத்தில் எடுத்த படங்களை வையுங்கள்; ஒழுகுகிற கூரையின் படம் நாலு பக்க மனுவைவிட வேகமாக வேலை செய்யும். வெளிநாட்டிலோ சென்னையிலோ இருக்கும் பழைய மாணவர்கள் பணம் தர முன்வந்தால் கையில் வாங்காதீர்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி தளத்தில் பள்ளியின் தேவையை ஏற்றி, அதன் வழியாகத் தரச் சொல்லுங்கள்.

எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று பள்ளியில் யாரும் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். ஆனால் அதைக் கடைசியில் எடுங்கள். முதலில் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், கேட்டதை மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது

இரண்டு வருஷம் முடிந்து புதுக் குழு வரும்போது பழைய தலைவியின் கையெழுத்து வங்கியில் மாற வேண்டும். இது உடனே நடக்காது. புதுத் தலைவியின் தேர்வுத் தீர்மானம், ஆதார் நகல், புகைப்படம் எல்லாவற்றோடும் முதல் வாரமே போய்விடுங்கள், தளத்திலும் மாற்றச் சொல்லுங்கள். பழைய குழுவிடமிருந்து மினிட் புத்தகம், ரொக்கப் புத்தகம், இருப்புப் பதிவேடு, வவுச்சர் கோப்பு, யூசி நகல்கள், சாவி எல்லாவற்றையும் பட்டியல் போட்டு இரு தரப்பும் கையெழுத்திட்டு வாங்குங்கள். கரித்துண்டால் போட்ட வட்டங்கள் எந்தெந்த அறையில் இருக்கின்றன, அவற்றில் எதை அடைத்தோம், எது பாக்கி என்றும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு அடிக்கிறவர் முதலில் அழிப்பது அந்த வட்டத்தைத்தான்.